ராணி பேசிய மாலையும் சொர்ணம் அக்காவும்

செய்தி வந்தபோது என் ரயில் மான்குர்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. நெருளில் ஏறினால் பெரும்பாலும் அங்கேதான் எனக்கு உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்து பையை மடியில் வைத்ததும் செல்பேசி அடித்தது. தாணேயிலிருந்து செல்வி, சொர்ணம் அக்காவின் ஒரே மகள்.

"ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. காலைல சாய் குடிச்சிட்டு, பேப்பர் எடுத்துட்டு வான்னு சொன்னாங்க. எடுத்துட்டு வந்து பாக்கேன், முடிஞ்சிருச்சு."

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. குர்லாவில் இறங்கிப் பாலம் ஏறி, தாணே வண்டியைப் பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது. அழுகை வருவதற்கு முன்னால் ஓர் எண்ணம் வந்தது: இனி நான் வாயைத் திறக்கலாம். அப்படி ஓர் எண்ணம் முதலில் வந்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் உண்மையை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லக் கூடாது என்று கட்டளையிட்டவர் அக்கா. அந்தக் கட்டளை எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சொர்ணம் அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் மும்பைத் தமிழ் நாடகக் குழுவின் ப்ராம்ப்டர். மேடையின் இடது பக்கத்திரைக்குப் பின்னால், ஒரு முக்காலியில், நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார். நடிகர்கள் வசனத்தை மறந்தால் மெல்லிய குரலில் எடுத்துக் கொடுப்பார். எங்கள் நாடகங்களை நூறு தடவை பார்த்தவர்கள்கூட அவரைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் தாராவியில் பிறந்து, அங்கேயே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, தேவ்நாரில் ஒரு மருந்துக் கம்பெனியில் தட்டச்சு வேலை பார்த்தவர். அவருடைய கணவர் ஆறுமுகம் அண்ணன் எங்கள் குழுவில் நிரந்தர மந்திரி. ராஜா யாராக இருந்தாலும் மந்திரி அவர்தான்.

கல்யாணமான புதிதில் அண்ணனோடு ஒத்திகை பார்க்க வந்த அக்கா, எனக்கும் ஒரு வேஷம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அன்றிருந்த பெரியவர்கள் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அக்காவின் குரல் கட்டைக் குரல். மர அலமாரியைத் தரையில் இழுத்தால் வருமே, அந்தச் சத்தம் அதில் கொஞ்சம் இருக்கும். இது ஆம்பளைக் குரலாக இருக்கிறது, தோழி வேஷத்துக்குக்கூட ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் தடங்கலில்லாமல் தமிழ் படிக்கிறாரே என்று கையில் நோட்டைக் கொடுத்து முக்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இதை அக்கா என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "எங்க அப்பா குரல் எனக்கு வந்துட்டு, அம்மை மூக்கு எனக்கு வந்துட்டு. ரெண்டும் மாறி வந்திருந்தா நானும் ராணிதான்."

நான் குழுவில் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளார்க், செம்பூரில் வாடகை வீடு, நடிக்க ஆசை. முதல் ஒத்திகையில் என்னை டீ போட அனுப்பினார்கள். வசனத்தைக் கேட்பதற்கு முன்னால் யார் யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதைக் கற்றுக்கொண்டேன். ஒத்திகையில் டீ போடுவது 'லேடீஸ்' வேலை. அக்கா மட்டும் எழுந்திருக்க மாட்டார். யாராவது கேட்டால், "நோட்டப் புடிச்சிருக்கேன், கை ஒழியல" என்பார். நோட்டு மூடியிருக்கும்போதும் இதே பதில்தான்.

தொழிலில் அவர் கெட்டிக்காரர். நடிகர் மறந்துவிட்டது நடிகருக்குத் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். எப்படி அக்கா என்று ஒருநாள் கேட்டேன்.

"மூஞ்சியப் பாக்கக் கூடாதுட்டி. மூஞ்சி நடிக்கும். காலப் பாக்கணும். வசனம் மறந்தவன் கட்டைவிரலத் தரையில தேய்ப்பான்."

அவருக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. எடுத்துக் கொடுக்கும் சொல், மறந்தவர் காதில் மட்டும் விழ வேண்டும். "என் சத்தம் ரெண்டாவது ஆளுக்குக் கேட்டுச்சுன்னா அன்னைக்கு நான் தோத்தேன்" என்பார். அந்தக் கட்டைக் குரலை அவ்வளவு மெல்லியதாக்க அவர் எத்தனை பாடுபட்டிருப்பார் என்று பின்னால்தான் எனக்குத் தோன்றியது.

எங்கள் குழுவின் புகழ்பெற்ற நாடகம் ஒன்று உண்டு. அதற்கு நீளமான வடமொழிப் பெயர். நாங்கள் 'ராஜா நாடகம்' என்றுதான் சொல்வோம். மாட்டுங்காவில் ஆபீஸ் வேலை பார்த்த ஒருவர் அந்தக் காலத்தில் எழுதியது. இங்கே இரண்டு தலைமுறைத் தமிழர்களுக்கு அதன் வசனங்கள் மனப்பாடம். பன்னிரண்டு ஆண்டு போர் முடிந்து அரசன் திரும்புகிறான். யாரோ சொன்னதைக் கேட்டு அரசியின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கிறான். கடைசிக் காட்சியில் சபை நடுவே, வெள்ளை முக்காடிட்டு அரசியை நிறுத்தி வைத்து நீளமாகக் குற்றம் சாட்டுகிறான். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்கிறாள். கடைசியில் அவனாகவே மனமிரங்கி "மன்னித்தேன்" என்கிறான். அவள் காலில் விழுகிறாள். திரை இறங்குகிறது. ராஜாவின் பாகத்துக்கு ஒரு தடித்த நோட்டு. ராணியின் பாகம் இரண்டே தாள்.

அந்த ராணி நான்தான். இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று எனக்கு அந்த மௌனம் மிகவும் பிடித்திருந்தது. மனப்பாடம் செய்யத் தேவையில்லை, தோளைக் குலுக்கி அழுதால் போதும், முன்வரிசைப் பெண்கள் எல்லோரும் கூடவே அழுவார்கள். ராஜாவாக நடித்தவர் விசுவநாதன் சார், குழுவின் தலைவர், மாட்டுங்காக்காரர். நடிப்பில் மன்னர்தான், சந்தேகமில்லை. "அந்த மௌனம்தான் நாடகத்துக்கே உயிர்" என்று மேடைக்கு மேடை சொல்வார். ரசிகர்களும் அப்படியே சொன்னார்கள். அதைப் பற்றி ஆண்டு மலரில் ஒரு கட்டுரைகூட வந்தது.

ஒரு மழைக்காலத்தில் குழுவின் பழைய டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. உள்ளே இருந்த நோட்டுகளை அக்கா தாராவி வீட்டுக்கு எடுத்துப் போய் மின்விசிறிக்கு அடியில் பரப்பி உலர்த்தினார். அடியில் கிடந்தது ராஜா நாடகத்தின் மூலப் பிரதி. நாங்கள் வைத்திருந்தது அதைப் பார்த்து யாரோ பின்னால் எழுதிய நகல். மூலப் பிரதியின் கடைசிக் காட்சியில், ஒட்டியிருந்த இரண்டு பக்கங்கள் ஈரத்தில் பிரிந்து நின்றன.

அந்தக் காலத்து ப்ராம்ப்டர்களுக்கு ஒரு வழக்கம் இருந்ததாம். அன்றைய தினம் விட்டுவிடும் பகுதியைத் தவறிப்போய்ப் படித்துவிடாமல் இருக்க, பக்கங்களின் ஓரத்தில் லேசாகப் பசை தொட்டு ஒட்டிவிடுவார்கள். நாடகம் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். இந்த இரண்டு பக்கங்களைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். பிறகு நகலெடுத்தவர் ஒட்டியிருந்ததைக் கவனிக்காமலே எழுதிவிட்டார். பக்கத்தின் மேலே பென்சிலில் ஒரு குறிப்பு இருந்தது: "கிட்டுவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இன்று மட்டும் இது வேண்டாம். 'மன்னித்தேன்' என்று முடித்துவிடலாம்." கிட்டு என்பவர் ரயில்வே கிளார்க். மேடையில் பெண்கள் ஏறாத காலத்தில் எங்கள் குழுவின் முதல் ராணி அவர்தான்.

உள்ளே இருந்தது ராணியின் பதில். ஒன்றரைப் பக்கம். அதன் கீழே ராஜாவுக்கு ஒரே ஒரு வரி.

ஞாயிற்றுக்கிழமை என்னை வரச் சொல்லி அக்கா அதைக் காட்டினார். "இங்க பாருட்டி கீதா. ஒரு ஆம்பளைக்குத் தொண்டை கட்டுனதுக்கு நாப்பது வருசமா நம்ம ராணி வாயப் பொத்திட்டு நிக்கா."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுந்து நின்று, அந்த ஒன்றரைப் பக்கத்தையும் தன் சொந்தக் குரலில் வாசித்தார். மெல்லிய குரல் இல்லை, ஒளித்து வைத்திருந்த கட்டைக் குரல். பாதியில் என் சிரிப்பு நின்றுவிட்டது. கீழ்வீட்டுத் தையல் மெஷினும் நின்றது. கீழே பை தைக்கும் காதர் பாய் மாடிப்படியில் தலையை நீட்டி, "சொர்ணக்கா, யாருகூட சண்ட? நான் வரட்டுமா?" என்று கேட்டார்.

"நீங்களே பேசுங்கக்கா. உங்களுக்குத்தான் பொருந்துது" என்றேன்.

"என்னைய எவன் மேடையில ஏத்துவான்? நீ பேசு. ஒரே ஒரு தடவை மேடையில அவ பேசி நான் கேக்கணும். அது போதும் எனக்கு."

அக்கா தனக்காக எதையாவது கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

விசுவநாதன் சாரிடம் இருவருமாகப் போனோம். அவர் பக்கங்களைப் பொறுமையாகப் படித்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு சொன்னார், "ஆனா ஜனங்க பார்த்துப் பழகின நாடகம் இது. ராணி இவ்வளவு பேசினா, நான் அத்தனை நாழி என்ன பண்றது? சும்மா நிக்கணுமா?"

"அவ இத்தனை வருசம் சும்மாதான சார் நின்னா" என்றார் அக்கா.

சார் பக்கங்களை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது. ஆனால் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை விடவில்லை. தாராவி வீட்டில் அக்கா சொல்லிக் கொடுக்க, நான் திரும்பச் சொல்வேன். அடுத்து மாட்டுங்காவில் நாடகப் போட்டி வந்தது. அங்கே பேசிவிடுவது என்று தீர்மானித்தோம். கேட்டால் மறுப்பவர், மேடையில் என்ன செய்துவிட முடியும் என்று எனக்கு ஒரு குருட்டுத் தைரியம்.

கடைசிக் காட்சிக்கு முன்னால், நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தபோது விசுவநாதன் சார் அருகே வந்தார். கிரீடம் கையில் இருந்தது. யாரையும் அவர் அதட்டிப் பேச மாட்டார். அன்றும் மெதுவாகத்தான் பேசினார்.

"கீதா, ஏதோ புதுசா பேசப்போறேள்னு காதுல விழுந்தது. பேசுங்கோ. ஆனா நம்ம குழுவுல அதுவே உங்களுக்குக் கடைசி நாடகமா இருக்கும்."

திரை ஏறியது. ராஜா குற்றம் சாட்டினார். வழக்கம்போல முகத்தை இடது பக்கத்திரையை நோக்கித் திருப்பி, முக்காட்டை இழுத்துவிட்டு நின்றேன். எனக்கு மூன்றடி தள்ளி, திரைக்குப் பின்னால், அக்கா. எங்கள் இருவருக்கும் நடுவே மேலேயிருந்து ஒரு மைக் தொங்கியது. ராஜா பேசி முடித்து மூச்சு வாங்கினார். அதுதான் நேரம். நான் வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

மறக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் நினைவில் இருந்தது. ஆனால் இந்த மேடையை விட்டால் எனக்கு ஆபீசும் அடுப்பும்தானே என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. அக்கா முதல் வரியை எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் கொடுத்தார். மூன்றாவது முறையும் கொடுத்தார். முக்காட்டுக்குள்ளிருந்து அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், முடியாது என்று.

அக்கா முக்காலியை விட்டு எழுந்தார். நோட்டை முக்காலியில் வைத்தார். மைக்கை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார்.

"மன்னா, பன்னிரண்டு ஆண்டுகள் நீர் போர்க்களத்தில் இருந்தீர். எங்கே உறங்கினீர் என்று உம்மைக் கேட்க இந்நாட்டில் ஒருவரும் இல்லை. நான் அரண்மனையில் இருந்தேன். என்னைக் கேளாதவர் ஒருவரும் இல்லை."

முக்காட்டுக்குள் என் உதடுகள் தாமாக அசைந்தன. சபையோருக்கு முக்காடு தெரிந்தது, ஒலிபெருக்கியில் குரல் வந்தது. பேசுவது ராணி என்பதில் அவர்களுக்கு என்ன சந்தேகம் வரும்? கட்டைக் குரல் என்று ஒதுக்கிய அந்தக் குரல் ஒன்றரைப் பக்கமும் பேசியது. கடைசி வரி இது: "என் கற்பை நிறுக்கத் தராசு கொண்டுவந்தீர். நான் ஒரு தட்டில் ஏறி நிற்கிறேன். மறுதட்டில் எதை வைப்பீர்?"

இப்போது ராஜாவின் முறை. பாவம், அவரிடம் இருந்ததோ 'மன்னித்தேன்' என்ற ஒரு சொல்தான். இதற்குப் பிறகு அதைச் சொன்னால் சபை சிரிக்கும் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. அவருடைய கட்டைவிரல் மேடைப் பலகையைத் தேய்த்தது.

அக்கா அதைப் பார்த்தார். உடனே மைக்கை விட்டுப் பின்வாங்கி, பழைய மெல்லிய குரலுக்கு இறங்கி, மூலப் பிரதியில் ராஜாவுக்கு இருந்த வரியை அவருக்கு மட்டும் கேட்கும்படி எடுத்துக் கொடுத்தார். ப்ராம்ப்டர் சொன்னதை அப்படியே சொல்லிப் பழகிய வாய் அல்லவா? என்ன சொல்கிறோம் என்று யோசிப்பதற்குள் விசுவநாதன் சார் கணீரென்று சொல்லிவிட்டார்: "வைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, தேவி. பிழை என்னுடையது."

திரை இறங்கியபோது நான் யார் காலிலும் விழவில்லை. எழுந்த கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

திரைக்குப் பின்னால் ஓடினேன். அக்கா முக்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கைகளாலும் மூடியிருந்தார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். "சத்தம் வெளிய கேட்டுட்டேட்டி" என்றார். "இத்தன வருசத்துல ஒருநாளும் கேட்டதில்ல." அவருக்கு அது அவமானமாக இருந்தது. எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "சொன்னேன்னா அப்புறம் என் மூஞ்சியில முழிக்காத. ப்ராம்ப்டர் குரல் வெளிய கேட்டுச்சுன்னு பேர் வாங்கவா நான் இங்க உக்காந்திருக்கேன்?"

சிறந்த நடிகைக்கான கேடயத்தை எனக்குக் கொடுத்தார்கள். அந்தக் குரலை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்காதவர் இல்லை. நான் புன்னகை செய்தேன். சிறந்த நாடகத்துக்கான பரிசும் எங்களுக்கே கிடைத்ததால், என்னைக் குழுவைவிட்டு நீக்கும் பேச்சு எழவில்லை. ராணியின் பதிலும் நாடகத்தில் நிலைத்துவிட்டது.

அடுத்த மேடையில் நானே பேசினேன், என் கீச்சுக் குரலில். நாடகம் முடிந்ததும் அக்கா, "நல்லாத்தான் இருந்துச்சு. கோவம்தான் கொஞ்சம் பத்தல" என்றார். நாலைந்து மேடைகளுக்குப் பிறகு ஒருநாள், அந்தக் காட்சி வந்ததும் அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேடயத்தைவிட எனக்கு அது பெரிதாக இருந்தது.

எனக்குப் பிறகு வந்த ராணிகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அக்கா தாணேயில் மகள் வீட்டிலிருந்தபடியே வசனங்களைப் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அதைக் கேட்டுக் கேட்டே அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அதனாலோ என்னவோ, அந்த ஒன்றரைப் பக்கம் வரும்போது எல்லா ராணிகளுக்கும் குரல் கொஞ்சம் கட்டையாகிவிடுகிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தாணே வீட்டுக்குப் போனபோது நெருள் வீட்டு ஷோகேஸில் இருந்த கேடயத்தைப் பையில் எடுத்துப் போனேன். குழுவில் பலர் வந்திருந்தார்கள். விசுவநாதன் சார் கைத்தடியோடு மாட்டுங்காவிலிருந்து டாக்ஸியில் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்த நேரத்தில், கேடயத்தை அக்காவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கும் அதுவரை தெரியாது.

விசுவநாதன் சார்தான் முதலில் பேசினார், "எனக்கு அன்னிக்கே தெரியும் கீதா. ரெண்டடி தள்ளி நின்னவன் நான்."

"அப்புறம் ஏன் சார் சொல்லல?"

"உங்க வசனத்தை சொர்ணம் சொன்னாங்கன்னா, என் வசனத்தையும் அவங்கதான் சொன்னாங்கன்னு ஒத்துக்கணுமே. அந்த ஒரு வரிக்காகத்தான் இன்னிக்கும் என்னை மெச்சறா." கைத்தடியை நாற்காலியில் சாய்த்து வைத்தார். "அந்தப் பதிலை ஒரு தடவை சொல்லுங்கோ. அவங்க கேக்கட்டும்."

படத்தின் முன்னால் நின்று சொன்னேன். பன்னிரண்டு ஆண்டுகள், போர்க்களம், அரண்மனை, எல்லாம் தடையில்லாமல் வந்தது. "நான் ஒரு தட்டில் ஏறி நிற்கிறேன்" என்ற இடத்தில் துக்கம் முட்டி, அடுத்த சொல் காணாமல் போய்விட்டது. பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினேன். அங்கே செல்வி வீட்டுச் சுவர்தான் இருந்தது.

அப்போது நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது, எனக்கு மட்டும் கேட்கும்படி, மிக மெல்லியதாக: "மறுதட்டில் எதை வைப்பீர்."

திரும்பிப் பார்த்தேன். விசுவநாதன் சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வரியை நான் உரக்கச் சொல்லி முடித்தேன்.

அக்கா, நீங்கள் சொல்லக் கூடாது என்றதைச் சொல்லிவிட்டேன். இப்போது எழுதியும்விட்டேன். உங்கள் சத்தம் வெளியே கேட்டுவிட்டது, இனி அதை யாராலும் மறைக்க முடியாது. என் மேல் கோபப்படாமல் போய் வாருங்கள்.